இறக்கைக்கு அந்தப் பக்கம்

உன் மகள் பவித்ரா என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறாள். அடர்ந்த மெரூன். வலது கை காய்ந்து இடது கைக்கு வந்துவிட்டாள். அந்த வாடை ஃபேன் காற்றில் கலந்து தையல் மிஷின் வரைக்கும் வந்தது. கனிந்து கறுத்த வாழைப்பழத்தில் பெயின்ட் கலந்தாற்போல ஒரு வாடை. மிஷினை மிதித்துக்கொண்டிருந்த என் கால் தானாக நின்றுவிட்டது.

"இன்னா பெரியம்மா, நூலு அறுந்துபோச்சா?" என்றாள்.

"ஆமாம்" என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு அது பாலிஷ் வாடை. எனக்கு அது உன் வாடை. கல்லூரிப் பணிமனையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, "ஒரு வாய் காப்பி குடுடி, தல வலிக்குது" என்று சுவரில் சாய்ந்து உட்காருவாயே, அப்போது உன் புடவையிலிருந்து வந்த வாடை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் புடவைகளை எல்லாம் துவைத்து மடித்து பீரோவில் வைத்துவிட்டார்கள். வாடை மட்டும் எங்கெங்கோ சுற்றிவிட்டு இன்றைக்கு என் வீட்டுக்கு வழி கண்டுபிடித்து வந்திருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்கு நன்றி என்று ஒரு தடவைகூட நான் வாயால் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ சிரித்தே என்னை ஓட்டியிருப்பாய்.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. இரண்டு பேர் வீட்டிலும் தறி. நீ பிடிவாதமாக டிப்ளமோ படித்து, செய்யார் ரோட்டில் இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில், விமானப் படிப்புத் துறையின் பணிமனையில் பயிற்றுநர் ஆனாய். நான் தையல் கற்றுக்கொண்டு ஜாக்கெட் தைக்கிறவள் ஆனேன். ஆரணிக்குப் பட்டு எடுக்க வருகிற கல்யாண வீட்டுக்காரர்கள் புடவையை வாங்கின கையோடு பெண்ணின் ஜாக்கெட் துணியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். தை மாதம், வைகாசி மாதம் என்றால் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது.

என் வீட்டுக்காரர் போன பிறகு ஜாக்கெட் வருவது நிற்கவில்லை. கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் மட்டும் வருவது நின்றது. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. பெண்ணின் அம்மாவுக்கு, அத்தைக்கு, சித்திக்கு எல்லாம் என்னிடம்தான் தைத்தார்கள். பெண்ணுக்கு மட்டும், "வேலூர்ல ஒரு கடையில டிசைன் நல்லா போடறாங்களாம்" என்பார்கள். டிசைனாம்! என் கைக்குத் தெரியாத டிசைன் வேலூரில் என்ன கண்டார்கள்? ஆனால் சண்டை போடவில்லை. மெல்ல மெல்ல எனக்கே என் கையைப் பற்றி ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நல்ல காரியம் நடக்கிற வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டு வருவதோடு சரி, உள்ளே போக மாட்டேன். நீ அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாய்.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. கரையைக் கடந்து வந்தவாசி தாண்டி நம் பக்கம் வரும்போது பாதி பலம் போயிருக்கும் என்று டி.வி.யில் சொன்னார்கள். மீதிப் பாதியே நமக்குத் தாராளமாக இருந்தது. தறிக்குழிகளில் எல்லாம் தண்ணீர். தெருவுக்குத் தெரு கரண்டு கம்பம் சாய்ந்து கிடந்தது. மழை விட்ட மறுநாள் நான் துடைப்பத்தால் கூடத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது நீ உன் ஸ்கூட்டியை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தாய். யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"நம்மாளு கவுந்துகினு கெடக்குதுடி!" என்றாய்.

நம்மாளு என்று நீ சொல்வது உங்கள் கல்லூரியில் இருந்த அந்தப் பழைய விமானத்தை. ஏதோ ஒரு பறக்கும் பயிற்சிக் கழகத்தில் ஓடி ஓய்ந்த, இரண்டு பேர் உட்காருகிற வண்டி. லாரியில் உடம்பு தனியாகவும் இறக்கை தனியாகவும் வந்து இறங்கியதாம். நீதான் நின்று மாட்ட வைத்தாய். எஞ்சின் ஓடாது. துறைக்கு முன்னால் தகரக் கொட்டகைக்குள் சும்மா நின்றுகொண்டிருக்கும். பிள்ளைகள் படிக்க இறக்கையைத் திறந்து காட்டுவாய், வாரத்துக்கு ஒரு முறை துடைப்பாய். உன் வீட்டு ஸ்கூட்டியை நீ அப்படித் துடைத்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு தடவை என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாய். இறக்கை துணி என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. "தொட்டுப் பாரு" என்றாய். தட்டினேன். தவில் மாதிரி 'தொம்' என்றது. உள்ளே மரச்சட்டம், மேலே பருத்தித் துணி, அதன் மேல் டோப் என்று ஒரு பூச்சு. அந்தப் பூச்சு காயும்போது துணியை இறுக்கிவிடும். அதன் வாடைதான் இந்த நகப் பாலிஷ் வாடை.

உன்னோடு போய்ப் பார்த்தேன். கொட்டகைத் தகரம் பறந்து வந்து இடது இறக்கையின் துணியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிழித்திருந்தது. வால் மேலே, மூக்கு சேற்றில். முன்னால் சுற்றுகிற மர விசிறி இரண்டாகப் பிளந்திருந்தது. கிழிந்த துணி ஈரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சட்டங்கள் விலா எலும்புபோல் தெரிந்தன. நீ சேற்றிலேயே குந்திவிட்டாய். சின்ன வயசிலிருந்து உன்னை எனக்குத் தெரியும், நீ அழுது பார்த்தது அன்றைக்குத்தான்.

கல்லூரித் தாளாளர் குடையோடு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் இடமா, பொருளா என்றுதான் பார்ப்பார். "பொங்கல் லீவு முடிஞ்சதும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வராங்கம்மா. அதுக்குள்ள இது ஏரோப்ளேன் மாதிரி நின்னா நிக்கட்டும். இந்த மாதிரி மூளியா நின்னா நமக்குத்தான் அசிங்கம். காயலான் கடைக்குச் சொல்லிடுங்க" என்றார்.

அவர் போனதும் நீ என் பக்கம் திரும்பினாய். "எட்டி நின்னுகூட ஏரோப்ளேன் பாக்காத ஊருல பொறந்து, தெனம் ஒண்ணத் தொட்டுப் பொழைக்கறேன். இதுல ஏறிப் பறந்தது இல்ல, எதுலயும் பறந்தது இல்ல. இது போயிட்டா நான் டிரில்லிங் மிஷினத் தொடச்சிகினு குந்தினு இருக்கணும்" என்றாய். பிறகு உடனே, "நீ ரெக்கை தைக்கறியா?" என்றாய்.

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை.

சட்டங்களை ஒட்டவும் விசிறியைச் சேர்க்கவும் தறி செய்கிற ஆசாரியைப் பிடித்தாய். துணியை வாங்கி வந்து என் வீட்டில் இறக்கினாய். அகலம் போதாமல் நான் பட்டை பட்டையாக இணைத்து மடிப்புத் தையல் போட்டேன். துணி கூடத்தை நிரப்பி, சமையலறைக்குள் போய், வாசல்படி தாண்டியது. என் மிஷின் அதற்கு முன்னால் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் பந்தலுக்கா என்று கேட்டார்கள். ஏரோப்ளேனுக்கு என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். புருஷன் போன ஏக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று ஒருத்தி சொன்னதாக நீயே வந்து சொல்லி, சிரித்துச் சிரித்து இருமினாய்.

ஒரு சனிக்கிழமை துணியை இறக்கையில் போட்டோம். உங்கள் துறையில் கற்பூரம் ஏற்றினார்கள். முதல் தையல் யார் போடுவது என்று வந்தது. ஆபீஸ்கார அம்மா, "சுமங்கலி யாராச்சும் ஊசி போடட்டுமே" என்றார். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். நீ அதை எடுத்துத் திரும்ப என் கையில் கொடுத்தாய். "தைக்கத் தெரிஞ்சவ தைக்கட்டும். ஜல்தி போடுடி, வெயிலு ஏறுது" என்றாய். போட்டேன். என் ஆயுசில் போட்டதிலேயே கோணலான தையல் அதுதான்.

அப்புறம் நாம் செய்த காரியம் இருக்கிறதே! துணியைத் தளர்வாகப் போர்த்த வேண்டும், பூச்சு காயும்போது அதுவே இறுகிக்கொள்ளும் என்று உன் புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. நீ அதை எனக்கு உரக்கப் படித்தும் காட்டினாய். படித்து முடித்து இறக்கையைப் பார்த்தாய். துணி அங்கங்கே தொய்ந்து கிடந்தது. நானும் பார்த்தேன். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டும்போது ஒரு இழை தொய்ந்தாலும் ஏச்சு வாங்கி வளர்ந்தவர்கள் நாம். தொய்ந்த நூல் என்றால் மானக்கேடு. இரண்டு பேருக்கும் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் இழுத்துக் கட்டினா இன்னா ஆயிடும்?" என்றேன் நான்.

"அதானே. புக்கு எழுதினவன் பாவு நீட்டியிருப்பானா?" என்றாய் நீ.

ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, காலை உதைத்து இழுத்தோம். ஒரு சுருக்கம் இல்லை. பூச்சுக்கு முன்னாலேயே 'தொம்' என்றது. பெருமையாக டோப் அடித்துவிட்டு, மண்டையெல்லாம் அந்த வாடையோடு வீட்டுக்குப் போனோம். திங்கட்கிழமை நீ கதவைத் திறந்தால் இறக்கை வளைந்து போயிருந்தது. இறுகின துணி மேலும் இறுகி, ஆசாரி ஒட்டின சட்டங்களில் பாதியை நொறுக்கியிருந்தது. பின் ஓரம் அப்பளம் பொரித்தாற்போல நெளிந்து நின்றது.

நான் கல்லூரிக்கு வந்தபோது ஆபீஸ்கார அம்மா வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "நான் அப்பவே சொன்னேன். மொதல்ல தொட்ட கை சரியில்ல." நான் கேட்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. கேட்டுவிட்டது, அவ்வளவுதான். அப்படியே திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். என்ன சொல்வது, எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் கை பட்டு உன் விமானம் காயலான் கடைக்குப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

நீ பின்னாலேயே ஓடிவந்து என் பையைப் பிடுங்கிக்கொண்டாய். திரும்ப இழுத்துப் போய் அந்த அம்மா முன்னால் நிறுத்தினாய். "மேடம், துணிய இழுத்தது இவ ஒருத்தி இல்ல, நானும்தான் இழுத்தேன். புக்குல வேணாம்னு போட்டிருந்தும் இழுத்தேன். என் கழுத்துல தாலி இருக்குது, பாருங்க. அப்போ இது எந்தக் கையால ஒடைஞ்சுது?" என்றாய். அந்த அம்மா உள்ளே போய்விட்டார். நீ என் பக்கம் திரும்பி, "நீ இன்னா, தப்பு பண்ணா வூட்டுக்கு ஓடறே? கத்திரிக்கோல எடு" என்றாய்.

அவ்வளவு தையலையும் நானே வெட்டி எறிந்தேன். ஆசாரியின் பேஜாரை நீ காப்பி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தாய். மறுபடி துணி, மறுபடி மடிப்புத் தையல். இந்தத் தடவை தொய்வாகவே போர்த்தினோம். தொய்ந்த துணியைப் பார்க்கப் பொறுக்காமல் நீ உன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூச்சு காயக் காயத் துணி தானே மெல்ல எழும்பி இறுகியது. வளையாமல், நெளியாமல், தனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு.

அதன் பிறகுதான் எனக்கு வாழ்க்கையிலேயே பிடித்த வேலை வந்தது. துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். முழ நீள ஊசி. நான் இங்கிருந்து குத்தினால் உன் பக்கம் வரும், நீ சட்டத்தைச் சுற்றித் திருப்பிக் குத்தினால் என் பக்கம் வரும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஊசியைத் தள்ளும்போது "இந்தா" என்பேன். நீ "குடு" என்பாய். அப்புறம் நீ "இந்தா", நான் "குடு". பொங்கல் லீவில் ஆள் இல்லாத அந்தப் பணிமனையில் நம் இரண்டு குரல்தான்.

முகம் தெரியாததால்தானோ என்னவோ, பேசாததெல்லாம் பேசினோம். வேலூர்க் கடை டிசைன் கதையை நான் அன்றைக்குத்தான் உன்னிடம் சொன்னேன். துணிக்கு அந்தப் பக்கம் நீ நூலை இழுத்து முடிச்சுப் போட்டாய்.

"தெரியும்டி. ஊருக்கே தெரியும். இந்தா" என்று ஊசியை அனுப்பினாய். "பறக்கறதுக்கே ரெக்கை உன் கையிலதான் குடுத்துருக்கேன். ஒரு ஜாக்கெட்டுக்கு இன்னா? என் பொண்ணு கல்யாணத்துக்கு நீதான் தைக்கற. இப்பவே சொல்லிட்டேன்."

ஊசி என் பக்கம் வந்து நின்றது. எனக்குக் கண் மறைத்தது. தாலியறுத்த அன்றைக்குக்கூட ஊர் பார்க்க அழுதேன். அந்த இறக்கைக்குப் பின்னால் நின்றுதான் எனக்காக அழுதேன். "இன்னாடி, தூங்கிட்டியா? குடு ஊசிய" என்றாய். மூக்கை உறிஞ்சிக்கொண்டு "இந்தா" என்றேன். உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி வேறு பேச்சுக்குப் போனாய். அதற்கும் சேர்த்துத்தான் நன்றி.

தையல் வரிசையின் மேல் ஒட்டத் துணிப் பட்டை வேண்டும் என்றாய். என் வீட்டுப் பரணில் ஒரு மூட்டை இருந்தது. முன்பெல்லாம் கல்யாணப் பெண்களுக்குத் தைத்து மிஞ்சின பட்டு வெட்டுத்துண்டுகள். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. வருஷக்கணக்கில் தூக்கிப் போடவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் கட்டி வைத்திருந்தேன். ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டினோம். இறக்கை ஒரு நாள் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி நின்றது. நீ எட்டி நின்று பார்த்து, "ஐயோ, இத்த மறைக்கணுமாடி?" என்றாய். பிறகு வெள்ளிப் பெயின்ட் அடித்து மறைத்தோம். இப்போதும் அடியில் அத்தனை நிறமும் இருக்கிறது, உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்து.

லீவு முடிந்த அன்றைக்குத் தாளாளர் வந்தார். விமானம் புதுத் தகரத்துக்கு அடியில் நேராக நின்றது. சுற்றி வந்தார். இடது இறக்கை கொஞ்சம் அதிகமாகப் பளபளத்தது. அதைத் தட்டிப் பார்த்தார். 'தொம்.' இன்னொரு தடவை தட்டினார். "நிக்குதேம்மா" என்றார். "நிக்கட்டும்." அவ்வளவுதான். நீ எனக்குப் பின்னால் நின்று என் முதுகில் கிள்ளினாய். வலி இரண்டு நாள் இருந்தது.

அதற்கப்புறம் ஊர் ஒன்றும் மாறிவிடவில்லை. கல்யாண ஜாக்கெட் வரவில்லை. ஆனால் எனக்கு என் கை திரும்பக் கிடைத்தது. விசேஷ வீட்டு வாசலில் நிற்காமல் உள்ளே போனேன், பந்தியில் உட்கார்ந்தேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள். செய்யார் பஸ்ஸில் போகும்போது வெள்ளி வால் தெரிந்தால் பக்கத்து சீட்டில் யார் இருந்தாலும், "அந்த ரெக்கை நான் தச்சது" என்று சொல்லிவிடுவேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

போன வருஷம் உனக்கு வந்தது வெறும் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது உன்னால் பேச முடியவில்லை. என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டிருந்தாய். அந்த வாரத்திலேயே போய்விட்டாய். எனக்கு உன் மேல் கோபம் வந்தது. இப்போதும் சில நாள் வரும். ஊசியை வாங்கிக்கொண்டு போனவள் திருப்பி அனுப்பவில்லையே என்று.

போன வாரம் பவித்ரா ஒரு பையோடு வந்தாள். அரக்குப் பட்டு, பச்சை பார்டர். உள்ளே வந்து என் மடியில் வைத்தாள். "அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்றாள். அவள் இங்கே இருக்கும்போதே போளூரிலிருந்து உன் நாத்தனார் ஃபோன் பண்ணினார். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது. "கண்ணு, மத்ததெல்லாம் அங்க குடு. கல்யாண ஜாக்கெட்ட மட்டும் வேற எங்கயாச்சும்..."

"அத்தை," என்று உன் மகள் குறுக்கே புகுந்தாள், "அவங்க ஏரோப்ளேன் ரெக்கையே தச்சவங்க. எனக்கு இது போதும்." வைத்துவிட்டாள். குரல் அப்படியே உன் குரல். ஆபீஸ்கார அம்மா முன்னால் என்னை நிறுத்தினாயே, அந்தக் குரல்.

பாலிஷ் வாடை இன்னும் போகவில்லை. மிஷின் வேலை முடிந்தது, இனி கைவேலைதான். ஜாக்கெட்டின் கை ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். தளர்வாகத்தான் பிடிக்கிறேன், நீ பார்த்தால் இழுக்கச் சொல்வாய். இப்போது கொக்கி வைக்க வேண்டும். துணியின் உள்பக்கத்திலிருந்து ஊசியைத் தள்ளும்போது, என்னை அறியாமல் என் வாய் "இந்தா" என்றது. சொல்லிவிட்டு ஊசியை நிறுத்தினேன்.

உன் மகள் ஜன்னலோரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். என்ன கொடுக்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? காயாத விரல்களை விரித்தபடி என் பக்கம் கையை நீட்டினாள்.

"குடுங்க பெரியம்மா" என்றாள்.